எண்ணெயின் உஷ்ணத்தை எந்த இடத்தில் அளப்பது?

துறைமுகமும் யந்திரமும் – 17

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூரை நோக்கிக் கடலோரமாக நீளும் விரைவுச் சாலையில், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைவதற்காக மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் டிரெயிலர் லாரிகளைப் பார்த்திராதவர் வடசென்னையில் ஒருவரும் இரார். அந்த லாரிகளில் மிகப் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் வண்டிகளே. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தோன்றி, ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்து, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய தொழிற்சாலையின் நிழலில் வளர்ந்த இந்தப் பிரதேசத்து ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும், கியர் பாக்ஸ் என்பது பற்சக்கரங்களின் சப்தத்தாலும், கம்பியைப் பிடித்த கையில் தெரியும் அதிர்ச்சியாலும், கிளட்ச் தட்டு தீயும் நாற்றத்தாலும் தன் வியாதியைத் தானே எடுத்துச் சொல்லும் ஒரு யந்திரம்.

மதிலுக்கு உட்புறத்திலோ, 1983-இல் கன்டெய்னர் முனையம் ஏற்பட்ட காலந்தொட்டு வேறொரு ஜாதி வண்டிகள் பெருகியிருக்கின்றன. நாற்பதடிப் பெட்டியை நீண்ட கரத்தால் எட்டிப் பிடித்து அடுக்கின்மேல் வைக்கும் ரீச் ஸ்டேக்கர், கப்பலடிக்கும் பெட்டி அடுக்கும் மைதானத்துக்கும் இடையே ஓயாமல் ஓடும் யார்டு டிராக்டர் முதலியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்ச் மிதியே கிடையாது. எண்ணெயின் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் சேர்ந்தும் பிரிந்தும், ஓட்டுபவன் அறியாமலே பல்லை மாற்றிக்கொள்ளும் இந்த கியர் பாக்ஸ்கள் சப்தம் போடுவதில்லை, கம்பியை உதறுவதில்லை, எண்ணெய் கருகி, தட்டுகள் வழுக்கி, வண்டி நடுவழியில் நின்று போகும் நாள்வரையில் தம் சிரமத்தை வெளியே காட்டுவதும் இல்லை. அவற்றின் உடல்நிலையை அறிவதற்கு உள்ள முக்கியமான சாதனம், எண்ணெயின் உஷ்ணத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றுதான்.

சென்ற வாரம் எண்ணெய்க் கூலரைப் பற்றி எழுதியதைப் படித்த திருவொற்றியூர் வாசகர் ஒருவர், தாம் வாங்கிய பழைய யார்டு டிராக்டரில் அந்த மீட்டர் செத்துப்போய்க் கிடப்பதாகவும், புதிய சென்சார் ஒன்றை வாங்கி வைத்திருப்பதாகவும், அதை எந்த இடத்தில் பொருத்துவது என்பதில் இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகச் சொல்லுவதாகவும் எழுதியிருக்கிறார். இருவர் சொல்லுவதும் சரியாக இருக்கக்கூடும் என்பதில்தான் விஷயத்தின் சுவாரசியம் இருக்கிறது. முதலில், உஷ்ணம் எங்கே பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

எஞ்சினுக்கும் பற்சக்கரங்களுக்கும் நடுவே, கிளட்ச் இருக்கவேண்டிய ஸ்தானத்தில், டார்க் கன்வெர்ட்டர் என்னும் உருண்டையான பாத்திரம் இருக்கிறது. எஞ்சினால் சுழற்றப்படும் தகடுகள் எண்ணெயை வீசியெறிய, அந்த எண்ணெயின் வேகம் எதிரே இருக்கும் வேறு தகடுகளைத் தள்ளிச் சுழற்ற, இரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் மூன்றாவது தகட்டு வரிசை எண்ணெயின் போக்கைத் திருப்பிவிட்டு, முறுக்கு வலிமையை ஏறக்குறைய இரண்டு மடங்காகக்கூடப் பெருக்குகிறது. இந்த யுக்தியைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். ஸ்டெட்டின் நகரத்தில் வுல்கான் கப்பல் கட்டுந்துறையில் வேலை பார்த்த அவர், 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, லாரியையோ காரையோ மனத்தில் கொள்ளவில்லை, கப்பலைத்தான் நினைத்தார். நீராவி டர்பைன் மிக விரைவாகச் சுழலுவது. கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுழன்றால்தான் பிரயோஜனப்படுவது. இரண்டையும் இணைக்கத்தக்க பெரிய பற்சக்கரங்களை வேண்டிய அளவு துல்லியமாகக் கடைய முடியாதிருந்த அந்தக் காலத்தில், ஒரு திரவத்தையே பற்சக்கரமாக்கிவிட்டார் ஃபோட்டிங்கர்.

அந்தச் சாதனத்தைத் தாங்கிய பெரிய பிரயாணக் கப்பல் ஒன்றின் கதை நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. டிர்பிட்ஸ் என்ற பெயரில் 1913-இல் நீரில் இறக்கப்பட்டு, முதல் மகாயுத்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷார் கைக்குப் போய், எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா என்று மறுபெயர் பெற்ற அந்தக் கப்பல், 1923-இல் ஜப்பானை நிர்மூலமாக்கிய பூகம்பத்தின்போது யோகோஹாமா துறையில் நின்று, ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்த புண்ணியத்தைத் தேடிக்கொண்டது. ஆனால் அதன் யந்திரங்கள் மட்டும் உடைமையாளருக்குத் திருப்தி தரவே இல்லை. எரிபொருள் செலவுக்குத் தக்க வேகம் கிடைக்காமற் போகவே, 1926-27-இல் ஃபோட்டிங்கர் சாதனத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பற்சக்கர டர்பைன்களைப் பொருத்திவிட்டார்கள். அதற்குள் துல்லியமான பற்சக்கரங்களைக் கடைய உலகம் கற்றுக்கொண்டுவிட்டது. கடலில் தோற்ற அந்தச் சாதனமோ கரையேறி, 1948-இல் அமெரிக்காவின் பியூக் காரில் புகுந்து, இன்று துறைமுக மதிலுக்குள் கப்பலுக்கு ஏவல் செய்யும் வண்டிகளில் குடியிருக்கிறது. கடலில் அதைத் தோற்கடித்த குறை மட்டும் அதை விட்டுப் போகவில்லை. திரவத்தின் வழியே சக்தி செல்லும்போது அதில் ஒரு பங்கு உஷ்ணமாக மாறிவிடுகிறது.

எவ்வளவு உஷ்ணம் என்று ஒரு கணக்குப் போடலாம். வண்டி ஒரே சீராக ஓடும்போது, கன்வெர்ட்டரின் இரு பக்கங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் உட்கிளட்ச் இருக்குமானால், நஷ்டம் அற்பமே. சக்கரம் அசையாமல் நிற்க, ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் நிலையில் நிலைமை வேறு. எஞ்சின் 100 கிலோவாட் சக்தியைக் கன்வெர்ட்டருக்குள் செலுத்துகிறது என்று கொண்டால், வெளியே ஒரு வேலையும் நடவாதபடியால் அந்த 100 கிலோவாட்டும் எண்ணெயைக் காய்ச்சவே செலவாகிறது. ஐம்பது வீடுகளின் குளியலறைக் கீசர்களை ஒரே நேரத்தில் போட்டது போல. முப்பது லிட்டர் எண்ணெய் இருந்தால், அத்தனையும் விநாடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வீதம் சூடேறும். அரை நிமிஷத்தில் அறுபது டிகிரி! முப்பது லிட்டரும் ஒரே சமயத்தில் கன்வெர்ட்டருக்குள் இல்லையாதலால், உள்ளே இருக்கும் சிறு பகுதி அதைக்காட்டிலும் வெகு விரைவாகக் கொதிக்கும். ரீச் ஸ்டேக்கரில் இந்த நிலை தினமும் பல முறை நேருகிறது. பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பை இயக்க எஞ்சின் வேகமாகச் சுழலவேண்டும்; வண்டியோ அங்குலம் அங்குலமாக நகரவேண்டும். அந்த வேளையில் கியர் பாக்ஸை எஞ்சினிடமிருந்து விடுவிப்பதற்கென்றே உள்ள இஞ்சிங் மிதியை முறையாக உபயோகிக்காமல், ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்து வேலையை முடிக்கும் ஓட்டுநர், தன் எண்ணெயைத் தானே வறுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிச் சூடேறிய எண்ணெய் எந்த வழியாகப் பிரயாணம் செய்கிறது என்பதை அறிந்தால் சென்சாருக்கான இடம் தானே விளங்கும். அடியில் இருக்கும் சம்ப் என்னும் தொட்டியிலிருந்து வடிகட்டி வழியாகப் பம்பு எண்ணெயை உறிஞ்சுகிறது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகளைக் கடந்து அது கன்வெர்ட்டருக்குள் நுழைகிறது. அங்கே காய்ந்து வெளியே வந்து, குழாய் வழியாகக் கூலருக்குப் போகிறது. ஆறிய பிறகு இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்து, பேரிங்குகளையும் பற்சக்கரங்களையும் நனைத்துவிட்டு, மறுபடியும் தொட்டியில் விழுகிறது. ஆகவே தொட்டி, கன்வெர்ட்டரின் வெளிவாயில், கூலரிலிருந்து திரும்பும் குழாய் என்று மூன்று இடங்களில் உஷ்ணத்தை அளக்கலாம். ஒரே விநாடியில் மூன்று இடங்களிலும் மூன்று வேறு எண்கள் கிடைக்கும், மூன்றும் மெய்யே.

இவற்றில் நம் பட்டறைகளில் மிகவும் விரும்பப்படுவது மூன்றாவது இடம். காரணத்தைத் தண்டையார்பேட்டையில் ஒரு முதிய மெக்கானிக் எனக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “ரிட்டன் ஹோஸ அறுத்து ஒரு டீ போட்டா அரை அவருல வேல முடிஞ்சிடும் சார். பான கழட்டுனா ஆயில் மொத்தமும் இறக்கணும், கேஸ்கெட் வேற புதுசு போடணும், வெல்டிங்குக்கு ஆள் தேடணும். வண்டிக்காரரு நின்னுகினே இருப்பாரு.” (டீ என்றது மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பை; பான் என்றது தொட்டியை.) அவர் சொல்லும் சிரமம் பிரத்தியட்சமானதுதான். ஆனாலும் அந்த இடத்தை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கூலரில் ஆறி வரும் எண்ணெயை அளப்பது, கியர் பாக்ஸ் பட்ட பாட்டையெல்லாம் துடைத்துவிட்டு நலம் விசாரிப்பதாகும். அதிலும் அபாயகரமான விஷயம் ஒன்று உண்டு. கூலர் உட்புறத்தில் அடைத்துக்கொண்டு எண்ணெய் ஓட்டம் நின்றுபோனால், திரும்பும் குழாயில் சூடான எண்ணெய் வருவதற்கே இல்லை. உள்ளே கியர் பாக்ஸ் வெந்துகொண்டிருக்க, மீட்டரின் முள் இறங்கி, எல்லாம் க்ஷேமம் என்று காட்டும். எந்த ஆபத்துக்காக மீட்டரைப் பொருத்தினோமோ அந்த ஆபத்து நேரும்போது பொய் சொல்லும் மீட்டரினால் என்ன பயன்? கூலருக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு சென்சார்களை வைத்து, கூலர் எவ்வளவு ஆற்றுகிறது என்று அறிய விரும்புவோர் மட்டும் அங்கே ஒன்றைப் பொருத்திக்கொள்ளட்டும்.

எஞ்சியிருப்பவை தொட்டியும் கன்வெர்ட்டர் வாயிலும். இவற்றுள் எது மேல் என்ற விவாதம், கியர் பாக்ஸைச் செய்த கம்பெனி தன் எல்லையை எந்த இடத்துக்கு விதித்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் செய்யப்பட்டால் ஒருநாளும் முடியாது. யார்டு டிராக்டர்களில் சாதாரணமாகக் காணப்படும் ஆலிசன் கியர் பாக்ஸ்களுக்கு (இந்தக் கம்பெனிக்கு நம் ஒரகடத்திலேயே ஆலை இருக்கிறது) தொட்டியில் 71 முதல் 93 டிகிரி வரை இயல்பான உஷ்ணம். 121 டிகிரி மேல் எல்லை. கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் வழியிலோ 149 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும். பல ரீச் ஸ்டேக்கர்களில் உள்ள டேனா கம்பெனியின் கியர் பாக்ஸ்களுக்கு, கன்வெர்ட்டர் வெளிவாயிலில் அளக்கும் உஷ்ணமே கணக்கு; அங்கே 120 டிகிரிதான் மேல் எல்லை. எண் ஏறக்குறைய ஒன்றே, இடம் வேறு. டேனா பெட்டியின் தொட்டியில் சென்சாரைப் பொருத்திவிட்டு 120 வரும்வரை காத்திருப்பவர், கன்வெர்ட்டர் வாயில் எல்லையைக் கடந்து வெகுநேரம் ஆனபிறகுதான் விழித்துக்கொள்வார். ஆலிசன் பெட்டியின் வெளிவாயிலில் பொருத்திவிட்டு 121-ஐக் கண்டு பதறுபவரோ, பெட்டி இழுக்கும் நேரத்தில் அவசியமில்லாமல் வண்டியை நிறுத்தி, கப்பலடி மேற்பார்வையாளரிடம் வசைமொழி கேட்பார். நம் வாசகரின் இரண்டு மெக்கானிக்குகளும் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும் என்று நான் எழுதியது இதனால்தான். ஒருவர் ஒரு கியர் பாக்ஸில் கைபழகியவர், மற்றவர் மற்றொன்றில்.

வாசகருடையது யார்டு டிராக்டர் ஆகையால், ஒரே சென்சார்தான் என்றால், தொட்டியையே நான் சிபாரிசு செய்வேன். அங்கே அளக்கப்படுவது எண்ணெய் முழுவதின் சராசரி நிலை. எண்ணெயின் ஆயுள் அதைப் பொறுத்தது. சுமார் 11 டிகிரி அதிகமானால் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் உத்தேசக் கணக்கு. தவிரவும், எண்ணெய் அளவைச் சூடான நிலையில் ஸ்டிக்கினால் பார்க்கும்போது தொட்டி 71-க்கும் 93-க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பதே விதி. ஆறிய எண்ணெயைப் பார்த்து மேலும் ஊற்றிவிட்டு, அது சூடேறி விரிந்தபின் நுரைத்து வழிவதைக் கண்டு திகைப்பவர்கள் எத்தனையோ பேர். இரண்டாவது சென்சாருக்குப் பணம் இருந்தால் அதைக் கன்வெர்ட்டர் வாயிலில் வைக்கட்டும். தொட்டியின் முள் மெதுவாக எழும். வாயிலின் முள் துள்ளும். ஓட்டும் முறையில் உள்ள கோளாறு வாயிலில்தான் முதலில் தெரியும்.

துளைபோடும் கருவியைக் கையில் எடுக்குமுன் இன்னும் ஒரு விசாரணை செய்வது நலம். மின்னணு முறையில் இயங்கும் கியர் பாக்ஸ் ஆனால், தொட்டி உஷ்ணத்தை அளக்கும் சென்சார் உள்ளேயே பிறவியிலிருந்து இருக்கும். வண்டியின் தகவல் கம்பிகளில் அந்த எண் ஓடிக்கொண்டும் இருக்கும். அதைப் படித்துக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கினால் தொட்டியைத் தொடவே வேண்டாம். பழைய ரகத்துக்குத்தான் மேற்படி சிரமமெல்லாம்.

தொட்டியைக் கழற்றியே தீரவேண்டும் என்றால், லேத்தில் கடைந்த சிறு திருகுவாயை அதன் பக்கச் சுவரில் வெல்டிங் செய்யவேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மட்டம் தாழ்ந்துபோகும் ஆதலால், அந்தத் தாழ்ந்த மட்டத்துக்கும் கீழே சென்சாரின் நுனி இருக்கவேண்டும். வடிகட்டியிலும் வால்வுப் பெட்டியிலும் இடிக்கக்கூடாது. சாலையில் கிடக்கும் கட்டையோ கல்லோ தட்டும்படி அடியில் துருத்திக்கொண்டிருக்கவும் கூடாது. எண்ணெய் இறக்கும் திருகிலேயே சென்சாரைப் பொருத்தும் குறுக்குவழியைச் சிலர் கையாளுகிறார்கள். இரும்புத் தூளும் வண்டலும் படியும் இடம் அது. நுனி வண்டலுக்குள் புதைந்துவிட்டால் முள் சோம்பேறியாகிவிடும். வெல்டிங் செய்தபின் உட்புறத்தில் ஒட்டிய துணுக்குகளைச் சுரண்டிக் கழுவாமல் தொட்டியை மாட்டுவது, கைக்காசைச் செலவழித்து வியாதியை வாங்குவதாகும். கன்வெர்ட்டர் வாயிலில் டீ பொருத்துவோர், அதன் உட்துவாரம் குழாயின் துவாரத்தைவிடக் குறுகலாக இல்லாதபடியும், சென்சாரின் நுனி ஓடும் எண்ணெயின் நடுவே நிற்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். டீயின் கிளை நீளமாக இருந்தால் நுனி அசையாத எண்ணெயில் அமிழ்ந்து, காலதாமதமாகவும் குறைவாகவும் காட்டும்.

திருகுமறையைப் பற்றி ஒரு வார்த்தை. செம்புதாஸ் தெருவில் நாம் வாங்கும் குழாய்ச் சாமான்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை மறை கொண்டவை. அமெரிக்கக் கியர் பாக்ஸ்களிலும் சென்சார்களிலும் அமெரிக்கக் குழாய் மறை வழங்குகிறது. அரைக்கால் அங்குல அளவில் பிரிட்டிஷ் மறைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மறைக்கு 27. மறையின் கோணமும் 55 டிகிரி, 60 டிகிரி என்று மாறுபடுகிறது. இரண்டும் முதல் சில சுற்றுகள் சிநேகமாகத் திருகிக்கொண்டு போவதால் ஏமாந்துபோய், மீதியை ஸ்பானரின் பலத்தால் முடித்தால், அலுமினிய உறை வெடிக்கும், அல்லது எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். ஒற்றைக் கம்பி சென்சாருக்கு இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். அதன் மின்சாரம் திரும்பும் வழி அதன் உடம்பே. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் எர்த் கெட்டு, மீட்டர் குறைந்த உஷ்ணத்தைக் காட்டும். உஷ்ணம் ஏற ஏறத் தடை குறையும் பொருளால் செய்யப்பட்டவை பெரும்பான்மையான சென்சார்கள். ஆதலால் துருவினாலோ டேப்பினாலோ புகும் ஒவ்வொரு தடையும், வண்டி குளிர்ச்சியாக இருப்பதாகவே கணக்கில் சேரும். உப்புக் காற்று ஓயாத நம் கடற்கரையில், இரண்டு கம்பி சென்சாருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

இந்தப் பிரதேசத்தின் சீதோஷ்ணமும் இவ்விஷயத்தில் எதிர்க்கட்சிதான். 2003-ஆம் வருஷம் மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அந்த மாதிரி நாளில் கான்கிரீட் தரைக்கு ஓர் அடி மேலே கூலருக்குள் புகும் காற்றை நினைத்துப் பாருங்கள். நீதிமன்ற உத்தரவினால் 2011-இல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போனதிலிருந்து ராயபுரத்து வீட்டுத் திண்ணைகளுக்கு ஓரளவு விமோசனம் கிடைத்தது. எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளின் கூலர் இறகுகளில் கரித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மெழுகும் உபத்திரவமோ தீரவில்லை. நல்ல மீட்டர் உள்ள வண்டியில், வாரத்துக்கு வாரம் அதே வேலைக்கு இரண்டு மூன்று டிகிரி ஏறிக்கொண்டு போவதைப் பார்த்தே, கூலரைக் கழுவும் நாள் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

சென்சாரைப் பொருத்துமுன் அதை ஒரு பரீட்சைக்கு உட்படுத்துவது எளிது. கம்பிகளோடும் மீட்டரோடும் இணைத்து, ஒற்றைக் கம்பி ரகமானால் அதன் உடம்புக்கு எர்த் கம்பி ஒன்றையும் கொடுத்து, கொதிக்கும் தண்ணீரில் நுனியைத் தோய்க்கவேண்டும். மலைநாட்டில் இருப்பவர்கள் உயரத்துக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தவேண்டியிருக்கும். ராயபுரமும் திருவொற்றியூரும் கடல்மட்டத்திலேயே இருப்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், திருத்தம் தேவையில்லை. முள் 100-இல் நின்றால் நல்லது. 90-இல் நின்றால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க அதுவே தக்க தருணம். சென்சார் ஒரு கம்பெனியுடையதும் மீட்டர் வேறொரு கம்பெனியுடையதுமாக இருந்தால் இப்படி நேருவது வெகு சகஜம்.

எல்லாம் பொருத்திய பிறகு ஒருநாள் முள் சிவப்புக்குள் ஏறினால் ஓட்டுநர் என்ன செய்யவேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி வைப்பது அவசியம். பயந்துபோய் உடனே எஞ்சினை அணைத்துவிடுவது தவறு; எஞ்சின் நின்றால் பம்பு நிற்கும், எண்ணெய் கூலருக்குப் போகாது, கொதித்த இடத்திலேயே கிடந்து கருகும். வண்டியை ஓரங்கட்டி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை நிமிஷத்துக்கு 1200 முதல் 1500 சுற்று வேகத்தில் ஓடவிட வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் முள் இறங்கிவிட்டால் வேலையைத் தொடரலாம். இறங்காவிட்டால் அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான்.